மதுரைப் பக்கத்துக் கிராம சபை: போகலாமா, போனால் என்ன கிடைக்கும்?

கட்டணம் கிடையாது. வருஷத்தில் ஆறு நாள்தான் திறப்பு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடக்கம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் உறுப்பினர். தனியாக அட்டை ஏதும் வேண்டாம். கல்யாணமாகி வந்த பெண்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கணும்: ஓட்டு இன்னும் அம்மா வீட்டு ஊரில் இருந்தால், சட்டப்படி சபையும் அந்த ஊரில்தான். மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். கொட்டாம்பட்டியிலிருந்து சேடபட்டி வரைக்கும் ஒரே நாளில் 420 இடத்தில் பந்தல் விழுகிறது.

இதைச் சேவை மாதிரி வைத்து விமர்சிப்பது சிலருக்கு உறுத்தலாம். உறுப்பினரே முதலாளியாக இருக்கிற இடத்தில் யாரைக் குறை சொல்வது? நியாயமான கேள்விதான். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அப்படித் தோன்றுவதில்லை. மனு கொடுக்க வந்த ஆபீசாகத்தான் அவர் அதைப் பார்க்கிறார். அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்தே இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேட்கிற காது பரவாயில்லை, எழுதுகிற கைதான் சரியில்லை. தெருவில் குடியிருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இங்கே தாராளமாகப் பேசப்படுகின்றன. அவற்றில் பத்தில் ஒரு பங்குகூடத் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஏறாதது நடக்காதது மாதிரிதான்.

முதலில் இடம். மதச்சார்புள்ள வளாகத்தில் சபை நடத்தக் கூடாது, ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சியாகக் கொண்டுபோகணும் என்பது அரசின் அறிவுரை. மதுரைப் பக்கம் இது சின்ன விஷயமில்லை. இங்கே ஊர்ப் பொது இடம் என்றாலே மந்தை, மந்தை என்றாலே மந்தையம்மன் கோயில் வாசல், இல்லையென்றால் ஊர்ச் சாவடி. அங்கே யார் திண்ணையில் உட்காரலாம், யார் வேப்பமரத்தடியில் நிற்கணும் என்பது கூட்டம் தொடங்கும் முன்னாலேயே தீர்மானமாகி இருக்கும். காலனியிலிருந்து வந்தவர் மந்தையில் எழுந்து பேசுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் எழுந்து பேசுவதும் ஒன்றல்ல. இடத் தேர்வில் அரசுப் பள்ளி வளாகத்துக்குத்தான் முழு மதிப்பெண். ஊராட்சி அலுவலக வாசல் நடுத்தரம். மந்தைக்கு, நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், குறைவுதான்.

இதைச் சொல்லும்போது இந்த மாவட்டத்தின் பழைய கணக்கைத் தாண்டிப் போக முடியாது. மேலூர் பக்கம் மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-இல் வந்த அதே மாதிரி ஒதுக்கீட்டை ஏற்காமல் பத்து வருஷம் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கிராம சபையில் உட்காரப் பாப்பாபட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஆகவே ‘எல்லாரும் தைரியமாப் பேசுங்க’ என்று மைக்கில் சொல்வது மட்டும் ஏற்பாடு ஆகாது.

வருகைக் கணக்கு அடுத்தது. ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இதுதான் குறைவெண், அதாவது கூட்டம் செல்ல இத்தனை பேராவது வந்திருக்கணும். எண்ணிக்கை சேர்க்க எளிய வழி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை அப்படியே பந்தலுக்கு அழைத்து வருவது. இதனால் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பேசுவது வேறு கணக்கு. தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சை அப்படியே எழுத்தாக்கி அலசிய ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. பெண்கள் பேசுவது குறைவு. பேசினாலும் அவர்கள் எடுத்த விஷயம் தொடர்ந்து பேசப்படுவது குறைவு. பதில் கிடைப்பதும் குறைவு என்று அது காட்டியது. பெண் தலைவர் இருக்கும் ஊராட்சிகளில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது என்றும் காட்டியது. உள்ளாட்சியில் பெண்களுக்கு இங்கே 2016 முதல் சட்டப்படி பாதி இடம் உண்டு. தலைவர் நாற்காலியில் அம்மா, மைக்கில் அவர் வீட்டுக்காரர் என்ற காட்சியும் உண்டு. அந்த ஊர்களில் மேற்படி நன்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர் கைக்குப் பொறுப்பு போனது. அந்த ஏற்பாட்டில் வீட்டுக்காரர் தொல்லை இல்லை. ஆனால் ‘ஓட்டுக் கேட்டு வந்தப்ப என்ன சொன்னீக?’ என்று மடக்க ஆளும் இல்லை. இரண்டாவது நஷ்டம்தான் பெரிது.

கூட்டம் தொடங்கியதும் வருவது பொருள் வாசிப்பு. மேலிருந்து வந்த பொருள் பட்டியலை ஊராட்சிச் செயலர் (ஊரில் இன்னும் ‘கிளார்க்கு’தான்) வரிசையாக வாசிப்பார். டெங்கு, பிளாஸ்டிக், ஜல் ஜீவன், வரி வசூல், மழைநீர் சேகரிப்பு என்று போகும். முக்கால் மணி நேரம் ஒரே குரல். மே 1 அன்று தகரக் கொட்டகையின் கீழ் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பு முடியும்போது மணி 12-ஐ நெருங்கும், கைக்குழந்தைக்காரிகள் எழுந்து போயிருப்பார்கள், டீ வந்திருக்கும். ‘பொதுமக்கள் கோரிக்கை’ என்று அறிவிப்பது அதற்குப் பிறகு. வரிசையைத் தலைகீழாக்கினால் போதும், இந்த நோய் பாதி தீரும். மக்கள் பேச்சு முதல் 45 நிமிஷம், வாசிப்பு பின்னால். தலைமை வகிப்பவரிடம் தொடக்கத்திலேயே எழுந்து கேட்டால், பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்வையிட, வந்திருக்கும் அதிகாரி பெரும்பாலும் மறுக்க மாட்டார். அவருக்கும் சீக்கிரம் கிளம்பணும்.

இனி நிஜமான பிரச்சினை. கிழக்குத் தெருவின் கடைசி வீட்டுக்காரம்மா மைக்கைப் பிடித்தால் இப்படித்தான் பேசுவார்: “ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி விடுறாக. எந்திரிச்சுக் குடத்த வச்சா, எங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள நின்னு போகுது. அடுத்த தண்ணிக்கு மூணு நாளு. முன்னாடி வீட்டுல மோட்டாரப் போட்டு உறிஞ்சுறாக, யாரு கேக்குறது?”

புத்தகத்தில் ஏறுவது: ‘குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது. சீரான குடிநீர் வழங்க நடவடிக்கை எடுக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

அவர் சொன்னதில் நான்கு தகவல் இருந்தது: நேரம், இடம், இடைவெளி, காரணம். நான்குமே போய்விட்டன. இதில் நஷ்டம் அவர் மனவருத்தம் மட்டுமல்ல, பணமும்தான். ‘சீரான குடிநீர்’ என்ற வரியை வைத்து ஒன்றியத்தில் எஸ்டிமேட் போட்டால் வருவது புதிய போர்வெல். பல லட்சம் செலவழித்து தண்ணீர் வரத்தைக் கூட்டினாலும், தெருத் தொடக்கத்து மோட்டார்கள் இருக்கும்வரை கடைசி வீட்டுக்கு அதே கதிதான். உண்மையில் தேவைப்பட்டது அந்த இணைப்புகளைத் துண்டிப்பதும், தெரு நடுவில் ஒரு கேட் வால்வு வைத்து இரண்டு பாகமாக முறை விடுவதும். இதை ஓவர்சியர் பகலில் வந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு முழித்திருப்பவருக்குத்தான் தெரியும். அந்தக் குழாயில் மீட்டர் இல்லை, மீட்டர் அவர்தான்.

அதே பேச்சைத் தீர்மானமாக எழுதினால் எப்படி இருக்கணும்? ‘கிழக்குத் தெருவின் கடைசி 14 வீடுகளுக்கு 3 நாட்களுக்கு ஒருமுறை, இரவு 2 மணியளவில், 20 நிமிடம் மட்டுமே குடிநீர் வருகிறது. தெருத் தொடக்கத்தில் குடிநீர்க் குழாயில் மின்மோட்டார் இணைப்புகள் உள்ளனவா என 15 நாட்களுக்குள் ஆய்வு செய்து, இருப்பின் துண்டிக்கவும், தெருவின் நடுவில் கேட் வால்வு பொருத்தவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.’ இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. எங்கே, எவ்வளவு, என்ன செய்யணும், எத்தனை நாளில் என்ற நான்கும் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று நழுவ முடியாது. 14 வீட்டில் எத்தனை வீடு என்று கேள்வி திரும்பி வரும்.

செயலரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. வருகைப் பதிவு, மைக் செட், பேனர், போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றுவது, டீ கணக்கு எல்லாம் அவர் ஒருவர் தலையில். இத்தனைக்கும் நடுவில் பேச்சை உடனுக்குடன் எழுது என்றால் எழுத முடியாது. நடைமுறையில் பல இடங்களில் நடப்பது இது: கையெழுத்து வாங்கும் பக்கம் காலையிலேயே சுற்றி வரும், நடுவில் இடம் விட்டிருக்கும், தீர்மானங்கள் பிறகு நிதானமாக எழுதப்படும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இல்லாவிட்டாலும், சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் ‘விவாதிக்கப்பட்டது’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

இதற்கு வழி, எழுதும் வேலையை நாமே பாதி முடித்துக்கொண்டு போவது. ஒரு பிரச்சினைக்கு ஒரு தாள். மேலே தெருவின் பேர், நடுவில் நிலவரம், கீழே வேண்டிய தீர்மானத்தின் வாசகம். இரண்டு பிரதி. ஒன்று செயலர் கையில், ஒன்று உங்களிடம். செயலருக்கு இது உபகாரம், பார்த்து அப்படியே எழுதிவிடுவார். கூட்டம் முடியும் முன்னால் ‘இன்னைக்கு நிறைவேறின தீர்மானங்கள ஒருதடவ வாசிச்சுருங்கண்ணே’ என்று ஒருவர் கேட்கணும். வாசித்ததும் கடைசித் தீர்மானத்தின் கீழே கோடு போட்டு மூடச் சொல்லணும். முடிந்தால் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம். சண்டை போடுகிற தொனியில் கேட்டால் புத்தகம் பைக்குள் போய்விடும். கல்யாண வீட்டில் மொய் நோட்டைச் சரிபார்க்கிற மாதிரி இயல்பாகக் கேட்கலாம்.

நிலவரத்தைச் சேகரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஏழு நாள், ஒரு நோட்டு. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடங்கள். தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் எழுதணும். ஒரே வீட்டுக் கணக்கை ‘அவங்க வீட்டுப் பிரச்சினை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் என்று வைத்தால், நாளைக்குப் பதினைந்து குடம். மூன்று நாளுக்கு ஒருமுறை 18 குடம்தான் கிடைக்கிறது என்றால், நாளைக்கு ஆறு குடம், ஆளுக்கு 22 லிட்டர் சொச்சம், அளவில் பாதிகூட இல்லை. ‘லிட்டர்’ என்றால் பந்தலில் கொட்டாவி விடுவார்கள். ‘பதினஞ்சு குடம் வரணும், ஆறு குடம் வருது’ என்றால் திரும்பிப் பார்ப்பார்கள்.

தெருவாசியின் அனுபவம் இன்னோர் இடத்திலும் உபயோகப்படும். அது வரவு செலவு. படிவம் 30 என்ற வரவு செலவு அறிக்கையைச் சபையில் வைக்கணும், பேனராகவும் கட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்பவர்களே அதிகம். மொத்தத்தில் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பாருங்கள்: மோட்டார் பழுது நீக்கம், தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், வாய்க்கால் தூர் எடுத்தல். ‘மோட்டார் பழுது’ என்றால் எந்த போர்வெல், எந்தத் தேதி, எத்தனை குதிரைத்திறன், காயில் கட்டினார்களா அல்லது மோட்டாரையே மாற்றினார்களா? அந்த போர்வெல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் மோட்டார் ஓடியதா நின்றதா என்று சொல்லிவிடுவார். ஆடிட்டர் ரசீதைத்தான் பார்ப்பார், ஓடியதை இவர்தான் பார்த்திருப்பார். ஊராட்சிக்கு வழக்கமாக மூன்று கணக்கு உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கு பொது நிதி. இரண்டாவது, கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும். மூன்றாவது திட்ட நிதி. பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021–26 மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் பாதிப்பாதியாகக் கட்டப்பட்டது. ‘தண்ணிக்குக் காசு இல்ல’ என்ற பதில் வந்தால் இந்த வரியை நினைவூட்டலாம்.

அதற்காகத் தெருவாசி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் எடுக்க முடியாது. கம்மாய்த் தண்ணீர் விஷயத்தில் இது அடிக்கடி இடறும். தலைமடைக்காரர் ‘தண்ணி தாராளம்’ என்பார், கடைமடைக்காரர் ‘ஒரு சொட்டு வரல’ என்பார். இருவருமே உண்மைதான் பேசுகிறார்கள். யார் குரல் பெரிதோ அவர் அனுபவம் ஊர் அனுபவமாகிவிடும். தலைமடை, நடுமடை, கடைமடை என்று மூன்று பேரைப் பேசவைத்துவிட்டுத்தான் தீர்மானத்துக்குப் போகணும். பேசும் முன், கம்மாய் யாருடையது என்றும் பார்க்கணும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. பெரியாறு–வைகைப் பாசனக் கம்மாய்க்கு ஒன்றியத்தை மூன்று மணி நேரம் திட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஊர்கள் உண்டு.

அதே மாதிரி பட்டா வருவாய்த்துறை, பஸ் போக்குவரத்துக் கழகம், ரேஷன் உணவு வழங்கல். இவற்றுக்குச் சபை ‘வலியுறுத்தி’த் தீர்மானம் போடலாம், அவ்வளவே. தனி ஆள் பட்டா விவகாரத்துக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம்தான் வழி, இங்கே மைக்கைப் பிடித்து மற்றவர் நேரத்தைத் தின்ன வேண்டாம். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, மயானப் பாதை, குப்பை, ஊரணி ஆகியவை சபையின் சொந்த மைதானம்.

மேலே இருப்பவரைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்றால் எதற்குப் போடணும் என்பவர்களுக்கு அரிட்டாபட்டி பதில் சொல்லும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கிருக்கும் சுனைகள், ஏரிகள், 250 வகைப் பறவைகள், வல்லூறுகள், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் கணக்காகக் காகிதத்தில் ஏறின. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, 2,015 ஹெக்டேர் சொச்சம், ஏலத்தில் முடிந்த செய்தி வந்தது. நவம்பர் 1-இலிருந்து தள்ளிப்போய் 23 அன்று நடந்த கிராம சபைகளில் மேலூர்ப் பக்கத்து ஊராட்சிகள் வரிசையாக எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். டிசம்பர் கடைசியில் எல்லையை மறுபடி ஆராயச் சொன்ன மத்திய சுரங்க அமைச்சகம், காரணமாகக் காட்டியது தொகுதிக்குள் வரும் அந்த 193 ஹெக்டேரை. ஊர் அதோடு நிற்கவில்லை. பாதித் தொகுதி எங்களுக்கு வேண்டாம், முழுசாக ரத்து செய் என்று ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நடைப்பயணம் இல்லாமல் தீர்மானம் மட்டும் இதைச் சாதித்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ‘எங்க மலை எங்களுக்குச் சாமி’ என்ற பேச்சுக்கு டெல்லியில் பதில் இல்லை. 193 ஹெக்டேருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்னொன்றும் உண்டு. ஒவ்வோர் ஊராட்சியும் தன் கையெழுத்தில், தன் தேதியில், தன் எண்ணில் போட்ட தீர்மானம் என்பதால், ‘சிலர் தூண்டிவிட்டார்கள்’ என்று தள்ளிவிட வழியில்லாமல் போனது.

அனுபவத்தைக் கூட்டத்துக்குள் முறையாக எடுப்பது எப்படி என்பதற்கு அயர்லாந்தின் குடிமக்கள் பேரவையைச் சொல்வார்கள். 2016 முதல் 2018 வரை நடந்தது. குலுக்கலில் எடுத்த 99 சாதாரணக் குடிமக்கள், ஒரு தலைவர். கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் பேசியபோது, அந்த நிலையைக் கடந்த பெண்களின் குரலைப் பேர் வெளியே தெரியாமல் பதிவு செய்து உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வக்கீலும் டாக்டரும் பேசியது தனி நேரம். 2018 மே 25 அன்று நாடு ஓட்டுப் போட்டுச் சட்டம் மாறியது. இதை எழுதியதும் ‘நாங்க குடவோலையிலேயே பாத்துட்டோம்’ என்று ஒருவர் வருவார். உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள் ஐயா: கால் வேலிக்கு மேல் இறை (வரி) கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு. நம் கிழக்குத் தெரு அம்மா பேர் அந்தக் குடத்துக்குள்ளேயே விழாது.

அயர்லாந்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குலுக்கல் அல்ல, பேர் தெரியாத குரல். சாராயம், வீட்டு அடி, சாதித் தடை, பொதுக் கழிப்பறை இல்லாத அவஸ்தை போன்றவற்றை மைக்கில் பேசச் சொல்வது கொடுமை. மகளிர் குழுவில் முந்தின வாரமே வாய்மொழியாகக் கேட்டு, பேர் போடாமல் எண்ணிக்கையோடு எழுதி, ஊக்குநர் ஒருவர் வாசிக்கலாம். ‘வடக்குத் தெருவில் 23 வீட்டுப் பெண்கள் விடியுமுன் கம்மாய்க்கரைக்குத்தான் போகிறார்கள், அங்கே விளக்கு இல்லை’ என்று எழுதிய வரிக்கு முகம் தேவையில்லை. தீர்மானமாக மாற்றுவதும் சுலபம்.

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இதே சரக்கு ‘பகுதி சபை’ என்ற பேரில் 2022 நவம்பர் 1 முதல் இருக்கிறது. 100 வார்டு, ஐந்து மண்டலம். இன்னும் வேர் பிடிக்கவில்லை; பக்கத்துத் தெருவில் நடந்து முடிந்த பிறகுதான் பலருக்குச் சேதியே தெரிகிறது. ஒன்றரை நட்சத்திரம்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை, அதாவது தீர்மானம் போட்ட பிறகு என்ன? முதலில் அடுத்த சபையில் கேட்கலாம். முந்தைய தீர்மானங்களின் மீதான நடவடிக்கையைச் சொல்லச் சொல்லுங்கள், எண்ணும் தேதியும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், ஒரு தாள். ‘எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் கட்டுரை வரும். ‘இன்ன தேதி கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டின் நகல், இன்ன எண் தீர்மானத்தின் மீது ஒன்றியத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரணும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர் என்பதால், நகல் கையில் வந்த பிறகு திங்கட்கிழமை மனுவோடு அதை இணைத்துக் கொடுக்கலாம். வெறும் மனு நூறில் ஒன்று. தீர்மான நகல் பின் அடித்த மனு மேசையில் கொஞ்சம் நேரம் தங்கும்.

மதிப்பெண்: இடவசதி ஐந்துக்கு மூன்று, பள்ளிக்கூடம் என்றால் நான்கு. மைக் செட் இரண்டு, எப்போதும் கீச்சென்று கத்துகிறது. பேச விடுவது மூன்றரை. எழுதுவது ஒன்று. டீ நான்கு, வடை கொடுத்தால் அன்றைக்குத் தீர்மானம் ஒன்று குறையும் என்பது என் சந்தேகம்.

போகிறவர்கள் கையில் எடுத்துக்கொள்ள: தாள் இரண்டு பிரதி, ஏழு நாள் நோட்டு, வாக்காளர் அட்டை, தண்ணீர் பாட்டில், மே 1 என்றால் தலைக்குத் துண்டு. பத்தே முக்காலுக்குப் போனால் மைக்குக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்கும். தெருக்காரர் இன்னும் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் செயலர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.